உம் ஜாசிம் யார் மகள்?

தோபாவுக்குக் கோபம் வந்தால், இஸ்ரேலில், ரமத்கானில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாகத் துணி தேய்க்கிறாள். இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே குரல் இப்படி ஆகிவிட்டது என்பார்கள். பொய். பாக்தாதில் நாங்கள் ஒரே சந்தில் இருந்தோம். சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவளுக்கு இந்தக் குரல்தான்.

கோபப்பட அவளுக்கு நியாயமும் இருக்கிறது. ஒரு வருஷம், எங்கள் வாரங்களின் பண்டிகையன்று, யூதர்களைக் கொல்லக் கிளம்பிய கும்பல் எங்கள் சந்துக்குள் புகுந்தது. அவள் அப்பா எஸ்கேலை வாசலில் வைத்து வெட்டியவன் முன்பின் தெரியாதவன் அல்ல. தினமும் அந்த வீட்டுக்கு ஐஸ்கட்டி கொண்டுவந்து, அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்தவன். காஸிம் மகன் அப்பாஸ். பாவி, அந்த வாசல்படியிலேயே!

ஒன்பது வயது தோபாவை, பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் உம் ஜாசிம் மொட்டைமாடி வழியாக இழுத்துத் தன் வீட்டுக்குள் போட்டுக்கொண்டாள். கும்பல் அவள் கதவையும் இடித்தது. காய் நறுக்கும் கத்தியோடு வாசலில் நின்றாள்.

“இங்க என் புள்ளைங்கதான் இருக்கு. உள்ள வரணும்னா மொதல்ல என்னை வெட்டுங்கடா.”

அப்பாஸும் அங்கே நின்றான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

பூரிம் பண்டிகையில், அந்தக் காலத்தில் யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமான் பெயர் வாசிக்கப்படும்போதெல்லாம் நாங்கள் தரையை மிதித்து இரைச்சல் போடுவோம். தோபா செருப்பின் அடியில் சுண்ணாம்புக்கட்டியால் ‘காஸிம் மகன் அப்பாஸ்’ என்று எழுதிக்கொண்டு, அது அழியும்வரை மிதிப்பாள். மறுவருஷம் மறுபடி எழுதுவாள். மறக்காதே என்றும் வேதம் சொல்கிறது, பேரையே அழித்துப்போடு என்றும் சொல்கிறது. அவள் இரண்டையும் செருப்பிலேயே முடித்துவிடுவாள்.

இந்த வருஷம், உம் ஜாசிம் பாக்தாதில் இறந்துபோனாள் என்று யாரோ சொல்லக் கேட்டோம். தோபா நேரே ஜெப ஆலயத்துக்குப் போனாள். வாரங்களின் பண்டிகை வரும்போது இறந்தவர்களுக்காக வேண்டுவார்கள்; அப்போது அப்பா பெயரோடு உம் ஜாசிம் பெயரையும் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். ஆலயத்தை நிர்வகிக்கும் மெனாஷேதான் அந்த வேண்டுதலைச் சொல்பவர். நல்ல மனுஷர்தான், ஆனால் வழக்கத்தில் இல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது.

“வேற மதத்துக்காரி பேரை இங்க எப்படிம்மா சொல்றது?” என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை. எனக்கும் மெனாஷேமேல் எரிச்சல்தான். அந்தக் கத்திக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர் அவர் அல்லவே.

வாரங்களின் பண்டிகை வந்தது. ரூத்தின் கதையை வாசித்து முடித்துவிட்டு, மெனாஷே இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எஸ்கேல் பெயர் வந்தது. அடுத்து வேறொருவர் பெயருக்குத் தாவினார். பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால், என் அருகில், தோபா எழுந்தாள்.

“நிறுத்துங்க அண்ணே! இப்ப வாசிச்சீங்களே ரூத்து, அவ யாரு? நம்மாளா?”

“மோவாபியப் பொண்ணு. உட்காரும்மா.”

“மோவாபியன் நமக்கு ரொட்டியும் தண்ணியும் குடுக்கல, பத்துத் தலைமுறைக்கும் உள்ள விடாதேன்னு இருக்கு. அதே வேதத்துலதான் அந்தச் சாதிப் பொண்ணு ஒருத்தி நல்லவன்னு ஒரு முழுக் கதையே இருக்கு. உங்களுக்கு மட்டும் ஒரு பக்கம்தான் கண்ணு தெரியுதா?”

மெனாஷே மேசையைத் தட்டினார். தோபா விடவில்லை.

“விதவையா நின்ன ரூத்தைக் கட்டிக்க மாட்டேன்னு நழுவினானே ஒரு சொந்தக்காரன், அவன் பேரு என்ன?”

“பேர் கிடையாது. ‘இன்னார்’னுதான் எழுதியிருக்கு.”

“அப்போ இனிமே நீங்களும் இன்னார்தான், அண்ணே.”

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அதிலும் என் கணவர் கதூரியின் சிரிப்பு அடங்கவேயில்லை. மெனாஷேயின் முகம் சிவந்துவிட்டது.

“சரி, சொல்றேன்! வேண்டுதல்னா ‘இன்னார் மகள் இன்னார்’னு சொல்லணும். உம் ஜாசிம்னா ஜாசிமோட அம்மா, அவ்வளவுதானே? அது கூப்பிடுற பேரு. அவ சொந்தப் பேரு என்ன? யாரு மகள்?”

“அவங்க பேரு...” என்று தோபா ஆரம்பித்தாள்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் எந்தத் தாயையும் அங்கே கூப்பிடுவோம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ஒருத்தி, “என்னை ஒளிச்சு வெச்சவங்க உம் மஹ்மூத்” என்று முணுமுணுத்தாள். அந்த உம் மஹ்மூதின் சொந்தப் பெயர்? தெரியாது. ஆனால் கடைகளைக் கொள்ளையடித்தவர்கள் பெயரைக் கேட்டிருந்தால், தகப்பன் பெயரோடு, தெருவோடு, அத்தனை பேரும் ஒப்பித்திருப்போம்.

தோபா தன் வாயிலேயே பளாரென்று ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

“அந்த நாயோட அப்பன் பேரு தூக்கத்துலகூட வருது. அதுக்கப்புறமும் பத்து வருஷம் அவங்க பக்கத்து வீட்டுலதானே இருந்தேன்! அவங்க சோத்தைத் தின்னேன். ஒரு நாளாவது பேரைக் கேட்டேனா?”

மெனாஷேயின் குரல் இறங்கிவிட்டது. “போகட்டும்மா, விடு. ‘ஒரு நல்ல பெண்’னு சொல்லிடுறேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க! யார் வேணா நல்ல பெண்தான். எழுபது தடவை கேட்டிருக்கலாம், கேக்கலை. ‘எஸ்கேல் மகள் தோபா பேர் கேட்காமல் விட்ட பெண்’னு சொல்லுங்க. வருஷா வருஷம் சொல்லுங்க. என் அப்பா பேருக்குப் பக்கத்துலயே சொல்லுங்க. எனக்கு உறைக்கணும்.”

மெனாஷே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல், வேண்டுதலின் ராகத்தோடு சொன்னார். “ஆமென்” என்றார்கள்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்தார். கதூரி. கும்பல் வந்த அன்று எங்கே, யார் வீட்டில் ஒளிந்திருந்தார் என்று இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை.

“மெனாஷே,” என்றார், சண்டைக்குப் போகிறவர் குரலில். “என் பேரைப் போட்டும் அதே மாதிரி ஒண்ணு சொல்லு.”