நித்யாவுக்குச் சூடு போட விடாதவள்

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வேலைக்குப் போகும் இசக்கிச்செல்வி யாரையும் எதிர்த்துப் பேசி தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. அவள் மகள் நித்யா ஒன்பது வயதிலும் படுக்கையை நனைத்தாள். வகுப்பிலும் கவனம் நிற்காது. பாதிக் கணக்கில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் திமிர் என்றார்கள், பள்ளியில் மந்தம் என்றார்கள்.

ஒருநாள் காலை ஈரப் பாயைக் கண்டதும் புருஷனின் அக்கா பேச்சியம்மாள் கரண்டிக் காம்பை அடுப்பில் வைத்தாள். தொடையில் ஒரு இழுப்பு இழுத்தால் பயத்தில் நின்றுவிடுமாம். அக்கா சொல்லைத் தட்டாத புருஷன் செந்தூர்பாண்டி பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டான். அலறல் கேட்டு ஓடிவந்த செல்வி, பழுக்கக் காய்ந்த காம்பை வெறுங்கையால் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள்.

"மதினி, இனிமே இவகிட்ட கரண்டியோட வந்தீயன்னா போலீசுக்குப் போவேன். அவ வேணும்னா செய்யுதா?"

புருஷன் பக்கம் திரும்பினாள். "கைய விடுங்க."

அவன் விட்டுவிட்டான்.

உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மகளோடு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். குழந்தை டாக்டர் மதுமதி அவள் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, நித்யாவைச் சோதித்தார்.

"உறங்கும்போது மூத்திரம் முட்டுனா மூளை எழுப்பணும். சில பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி பைய வரும். அவங்கள்ல சிலருக்குக் கவனம் நிக்கிறதும் சிரமம். ரெண்டுமே இவ குத்தம் இல்லம்மா. பயங்காட்டுனா தீராது."

"என் குத்தமா டாக்டர்?"

"உங்க குத்தமும் இல்ல."

செல்வி அங்கேயே அழுதாள். திரும்பி வரும் வழியில் அழுகை போய்க் கோபம் வந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். "இவள முன்னால உக்கார வைங்க சார். கேக்கும்போது ஒண்ணுக்குப் போக விடுங்க."

"ஒருத்திக்காக நான் எல்லாத்தையும் மாத்தணுமா?" என்றார் சிவசண்முகம் வாத்தியார்.

"மாத்துங்க. அதுவரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

மணி அடித்தும் அவள் வாசலை விட்டு நகரவில்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகளெல்லாம் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் வாத்தியார் முதல் பெஞ்சில் இடம் ஒதுக்கினார்.

பேச்சியம்மாள் இன்னும் செல்வியோடு பேசுவதில்லை. டாக்டரிடம் அடுத்தமுறை போனபோது செந்தூர்பாண்டியும் கூட வந்தான். நித்யாவுக்கு நனைப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஈரப் போர்வையைக் கொல்லையில் ஒளித்துக் காயப்போடுவதைச் செல்வி நிறுத்திவிட்டாள். "மறைச்சா, பிள்ள தப்பு செஞ்சதா ஆயிரும்லா" என்பாள்.

போன வாரம் நித்யாவே போர்வையைத் தெருப்பக்கக் கொடிக்குத் தூக்கிவந்தாள்.

"ஏட்டி, இன்னைக்குமா?" என்று சிரித்தாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆமா அத்தை. வெயில் நல்லா அடிக்கு, காஞ்சிரும்" என்று சொல்லி, நித்யா போர்வையை விரித்துப் போட்டாள்.