பகடியா, பழிப்பா

எங்கள் ஊரில் இரண்டும் வேறு வேறு. திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் சாகும் படுகளத்தன்று காலையில், கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் ஊர்ப் பெரிய மனிதர்களின் எதிரே போய் நின்று அவர்களைப் போலவே நடந்தும் பேசியும் காட்டுவான். அதற்குப் பெயர் பகடி. அவனுக்குத் துண்டு போர்த்துவார்கள். அதையே பிள்ளைகள் நாங்கள் செய்தால் பழிப்பு. எங்களுக்கு முதுகில் விழும். போதாக்குறைக்கு அம்மா ஒரு பயத்தை வேறு என் மண்டையில் ஏற்றி வைத்திருந்தாள். நொண்டியைப் பழித்தால் நம் கால் போகுமாம். வாய் கோணினவரைப் பழித்தால் நம் வாயும் அப்படியே கோணிக்கொள்ளுமாம்.

பெரியப்பாவுக்கு வாய் கோணியது அந்த வருஷம்தான். பக்கவாதம். வலது கை தொங்கிப்போய், வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டது. அதற்கு முன்பெல்லாம் அவர் செல்போனில் பேசினால் பக்கத்து ஊர் மானாம்பதிக்காரர்களுக்குப் போன் இல்லாமலேயே கேட்கும். "அலோ! ஆரு? சத்தமா பேசுய்யா!" என்பார். கட்டியக்காரன் துடைப்பக்கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு வருஷாவருஷம் அதைத்தான் செய்வான். வீட்டில் அத்தை செய்வாள். அவருக்கு ஒரே தங்கை. "எங்க, என்ன மாதிரி பேசு" என்று அவரே கேட்டு வாங்கிச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு யாரும் அவரைப் போலப் பேசவில்லை. போன் அடித்தால் அவர் எடுப்பதற்குள் யாராவது ஓடிப்போய் எடுத்துவிடுவோம். அவருக்குக் கோபமே வரக் கூடாது, இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அவர் அறைக்குள் போகும்போது மூச்சைக்கூடச் சின்னதாகத்தான் விடுவேன்.

படுகளத்தன்று அவரை நாற்காலியோடு தூக்கி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் அவர் காலடியில். மண்ணால் செய்த துரியோதனன் திடல் முழுக்க முழித்துக்கொண்டு படுத்துக்கிடந்தான். எனக்கு அவன்மேல் பயமில்லை. கட்டியக்காரன்மேல்தான். தலைவரைச் செய்தான், பூசாரியைச் செய்தான், ஒவ்வொரு ஆளாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். இவன் வாய் கோணட்டும், எனக்கென்ன! பெரியப்பா செத்துப்போனால்? நாற்காலிக் காலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வந்தான். பெரியப்பாவைப் பார்த்தான். துடைப்பக்கட்டையைக் கீழே இறக்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பெரியப்பா நல்ல கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். "வூட்டுக்கு" என்றார்.

வீட்டில் பெரியம்மா கொண்டுவந்த கஞ்சியைத் தள்ளிவிட்டார். கூடத்தில் எல்லோரும் நின்றோம். நாக்கு குழறினாலும் அன்று அவர் பேசியது எனக்குக்கூடப் புரிந்தது.

"என்னத் தாண்டிப் பூட்டான். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் சொன்ன கோபம் இதுதான், வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது அத்தை கரண்டியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். வலது கையைத் தொங்கவிட்டாள். வாயை இடது பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"அவோ! ஆவு? சத்தமா பேசுவா!"

"அடிப்பாவி!" என்று பெரியம்மா கையை ஓங்கினாள். "வேணாம் அத்த, கோணிக்கும்!" என்று நான் அலறினேன். பெரியப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. போச்சு, போய்விட்டார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. திறந்து பார்த்தால் எச்சில் வழிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்தல. இன்னும் இழுடீ" என்றார்.

அத்தை இன்னும் இழுத்தாள். அவர் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அத்தை தோட்டத்துப் பக்கம் போனாள். வாய் திரும்பிவிட்டதா என்று பார்க்க நானும் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர்த் தொட்டியருகே சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். திரும்பினாள். ஐயோ! வாய் கோணித்தான் இருந்தது. உதடு துடித்தது, பேச்சு வரவில்லை.

"அத்தைக்கு வாய் கோணிக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன். அம்மா வந்து தூரத்திலிருந்தே பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை.

"செத்த நேரத்துல சரியா பூடும். நீ உள்ள வா" என்றாள்.

நான் போகவில்லை. திரௌபதி அம்மனுக்குத் தெரிந்த வேண்டுதலையெல்லாம் வேண்டிக்கொண்டு, அந்த வாயையே பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகையை அடக்கினால் யாருக்கும் வாய் அப்படித்தான் கோணும் என்று எனக்கு அப்போது தெரியாது.