பூங்காவில் ஒரு கவாத்து

எங்கள் ஊர்ப் பூங்காவுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால், நான் அதைத் திட்டிய திட்டுத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. முப்பது வருடம் திராட்சைத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவள் நான். நடப்பதற்கென்றே ஒரு இடம் கட்டி, அதற்கு இரும்புக் கதவும் போட்டு, அதற்குள் போய் மனிதர்கள் செக்குமாடு மாதிரி சுற்றுவதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. "வேலைவெட்டி இல்லாத சனம்" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். கடைசியில் என்னையும் அந்த வட்டத்தில் சுற்ற வைத்தது என் வீட்டுக்காரருக்கு வந்த நெஞ்சுவலி.

மதுரைக்குக் கொண்டுபோய், ஸ்டென்ட் வைத்து, ஆளை மீட்டு எங்கள் கம்பம் ஊருக்குக் கூட்டிவந்தோம். இனி கொடிக்கு மருந்து அடிக்கக் கூடாது, பந்தலுக்கடியில் மணிக்கணக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். விட்ட அன்றைக்கே அவர் பேச்சும் நின்றுபோனது. வாய் வராமல் இல்லை, பேச விருப்பமில்லை. கேட்டதற்கு ஒரு 'ம்', சோறு வைத்தால் ஒரு 'போதும்'. பொழுதுக்கும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், டிவி ஓடாது. ஒருநாள், "எனக்குன்னு இனி என்ன சோலி இருக்கு? போய்ச் சேர வேண்டியதுதான்" என்றார். ஆத்தாடி, இது என்ன பேச்சு! நெஞ்சைச் சரிசெய்ய டாக்டர் இருக்கிறார், இதை யார் சரிசெய்வது? மறுநாள் விடிந்ததும் அவர் கையைப் பிடித்துப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த நேரத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் மலைப்பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பூங்காவுக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சத்தம் குறைந்துவிடும். வேம்பு, புங்கை, சரக்கொன்றை. கிழக்கே மேகமலை தலையில் துண்டு கட்டியதுபோல் மேகத்தோடு நிற்கும். ஒரு பக்கம் நாலைந்து பேர் இறகுப்பந்து ஆடுவார்கள். பெண்கள் நடந்தபடி பேசுவார்கள், பேசியபடி நடப்பார்கள். பள்ளிவாசலில் விடியற்காலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு ஒரு பாய் நேராக இங்கே வருவார். ஏலக்காய் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். கையில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பாதையைக் கூட்டுகிற அம்மா ஒருத்தி இருந்தாள், என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் அவளை ஏத்தா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். எங்கள் இரண்டு பேர் வாயும் ஒரே ரகம். அதனால் மூன்றே நாளில் ஒட்டிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர்தான் யாரோடும் ஒட்டவில்லை. ரங்கூன் மல்லிக் கொடி ஏறிய இரும்புப் பந்தல் ஒன்று உண்டு. அதற்கடியில் கிடக்கும் சிமென்ட் பெஞ்சில் போய்ப் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்துவிடுவார். நான் தனியாகச் சுற்றுவேன். பாய் தினமும் சலாம் வைத்தார், இவர் தினமும் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மாதம் இப்படியே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு சுற்று முடித்து வரும்போது அவர் எழுந்து நின்று பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடி அடர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, காடாகக் கிடந்தது. திராட்சைக்காரன் கண்ணுக்கு வெட்டாத கொடி என்பது நோயில் கிடக்கும் கொடி. இலையை உருவி, பழைய கொடியைக் கழித்து, ஒவ்வொரு கிளையிலும் துளிர்விடுகிற கண் இரண்டு மட்டும் விட்டு வெட்டினால்தான் அவனுக்கு மூச்சு வரும். அதைத்தான் கவாத்து என்போம். இவர் சட்டைப் பையில் கையை விட்டார். கவாத்துக் கத்திரி! தோட்டத்தைக் கொடுத்த மனுசன் கத்திரியைக் கொடுக்கவில்லை, நடைக்கு வரும்போதும் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

நறுக் நறுக்கென்று வெட்ட ஆரம்பித்தார். கையைத் தூக்கி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, வாயை மூடிக்கொண்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் உயிரைப் பார்க்கிறேன்! "அந்த மூலையையும் எடுத்துவிடுங்க" என்று சொன்னதும் நான்தான். இதை மறைக்க நான் விரும்பவில்லை. வெட்டியது அவர் கை, ஏவியது என் வாய்.

அரை மணி நேரத்தில் பந்தல் மொட்டையாகிவிட்டது. கடைசி மூலைக்குப் போனவர் அப்படியே நின்றார். இரண்டு கிளை சேரும் கவட்டில் ஒரு கூடு. உள்ளே இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மேலே மின்கம்பியில் இரண்டு கொண்டைக்குருவிகள் தொண்டை கிழியக் கத்தின. அதுவரை அந்தச் சத்தம் எங்கள் காதில் விழவே இல்லை. எப்படி விழும்? தோட்டத்தில் பழத்தைக் கொத்துகிற இந்தக் குருவியைத் தகரம் தட்டியும் வெடி போட்டும் விரட்டியே காலம் போய்விட்டது. அது கத்தினால் எங்களுக்குச் சந்தோசம்தான்.

வாசல் பக்கம் கூட்டிக்கொண்டிருந்த என் சிநேகிதி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"ஆருண்ணே இத வெட்டுனது?"

"நான்தான்" என்றார் இவர். "கொடி காடாக் கெடந்துச்சு."

"காடாக் கெடக்கட்டும்னுதானேண்ணே விட்டு வச்சோம்! தோட்டக்காரர்கிட்டச் சொல்லி, கத்தி வைக்காதீகன்னு பதினஞ்சு நாளாக் காத்துக்கிட்டு வாறேன். நெழலே இல்லாமப் பண்ணிப்புட்டீகளே!"

பந்து ஆடியவர்களும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு வார்த்தை. "குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதையா இருக்கு" என்று ஒருவர் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "என்னய்யா சொன்ன? இந்தக் கையி முப்பது வருசமா ஊருக்குப் பழம் குடுத்த கையி!" என்று கத்தினேன். ஆனால் இவர் கத்திரியை மடக்கிப் பையில் போட்டார், செருப்பை மாட்டினார், கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "இனி அங்கன கூப்புடாத. நான் இங்கனயே கெடந்துக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு அணைந்து கிடந்த டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஒரு மாதமாக இழுத்துப் பிடித்த கயிறு அறுந்துபோனது. பூங்காவையும் குருவியையும் ஊரையும் சேர்த்து மனதுக்குள் திட்டினேன். அடுப்படியில் நின்று அழுதேன்.

எட்டு மணி இருக்கும், வாசலில் பாய் நின்றார். வேர்த்துக் கொட்டியிருந்தது. கையில் குடை இல்லை.

"அண்ணே, கூட்டுக்கு மேல என் கொடயக் கட்டி வச்சிட்டு வந்திருக்கேன். கொடயப் பார்த்து மெரண்டு தாய்க்குருவி கிட்டயே வரமாட்டேங்குது. கொடய எடுத்தா வெயிலு. கரண்டுக் கம்பத்து மேல காக்கா வேற உக்காந்திருக்கு. எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. நீங்க வரணும்."

இவர் திரும்பவில்லை. "என்னையவா கூப்புடுறீக? எனக்கு அதுகள வெரட்டத்தான் தெரியும் பாய்."

"வெரட்டுனவருக்குத்தான அது எந்தப் பக்கமா வரும்னு தெரியும்? ஆனைக்கும் அடி சறுக்கும்ணே. எந்திரிங்க" என்றார் பாய்.

இவர் எழுந்தார். முற்றத்து மூலையில் மடித்துக் கிடந்த பச்சை நிழல்வலையை இழுத்தார். தோட்டத்தில் மிஞ்சியது. தூசியைத் தட்டிக்கொண்டே, "பாய், நான் முப்பது வருசம் வலை கட்டியிருக்கேன். மேல எம்புட்டு இறுக்கிக் கட்டுனாலும் அந்தக் கொண்டைப்பய கீழ வழியாத்தான் உள்ள நொழைவான். காக்கா அப்படி வராது. அதுக்குக் கீழ புகுந்து வாற தைரியம் கெடையாது" என்றார். ஒரே மூச்சில் அவர் இத்தனை வார்த்தை பேசி எத்தனை மாதம் ஆகியிருந்தது! நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூங்காவில் யாரும் கலைந்து போகவில்லை. குரங்கு கதை சொன்னவர் ஏணியோடு நின்றார். அவரை ஒரு முறை முறைத்துவிட்டு ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். இவர் குடையை அவிழ்த்தார். வலையை மேலேயும் நாலு பக்கமும் சரித்துக் கட்டி, அடியில் ஒரு முழம் மட்டும் திறந்து விட்டார். வெட்டிப் போட்ட கொடிகளில் வாடாத நாலைந்தை எடுத்து வலைமேல் போர்த்தினார். "எல்லாரும் வேப்ப மரத்துக்குப் பின்னாடி போங்க. ஆரும் பேசக் கூடாது" என்றார். தோட்டத்தில் வேலையாட்களுக்குச் சொல்கிற அதே குரல். பந்து ஆடுகிறவர்கள் முதல் பாய் வரை எல்லோரும் அடங்கிப்போய் மரத்துக்குப் பின்னால் நின்றோம்.

தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்தது. வலைமேல் உட்கார்ந்தது, கொத்திப் பார்த்தது, பறந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி போய்விட்டது. மின்கம்பத்துக் காக்கா ஒரு தரம் இறங்கிப் பந்தலைச் சுற்றிவிட்டு மேலே போனது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வீரபாண்டி ஆத்தாளுக்கு நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுக்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டேன். குருவிக்காகத்தான் வேண்டினேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் குஞ்சுகள் செத்தால் இந்த மனுசன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது தரம் குருவி தரைக்கு இறங்கியது. தத்தித் தத்திப் பெஞ்சு மேல் ஏறியது. அங்கிருந்து ஒரே பாய்ச்சலில், அடியில் விட்டிருந்த அந்த ஒரு முழத்துக்குள் போய்விட்டது. உள்ளே குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்தின.

"நான் சொல்லல? கீழ வழியாத்தான் வருவான் திருட்டுப்பய!" என்று இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பேசக் கூடாது என்று சொன்னவரே பேசிவிட்டார். பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என் சிநேகிதி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நான் ஏசுனத மனசுல வச்சுக்கிறாதீக" என்றாள். குரங்கு கதைக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். எனக்கு மட்டும் இரண்டு தடவை சர்க்கரை போதுமா என்று கேட்டார். போகட்டும், மன்னித்துவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் என்னை யாரோ உலுக்கினார்கள். சட்டையெல்லாம் போட்டுத் தயாராக இவர் நின்றார். "ஏ இந்தா, இன்னும் என்ன தூக்கம்? காக்கா வந்துருமில்ல?" அன்றிலிருந்து பந்தலுக்கு முறைவைத்துக் காவல். காலையில் இவரும் பாயும், வெயில் நேரத்தில் கூட்டுகிறவள், சாயங்காலம் பந்து ஆடுகிறவர்கள். காவல் இருந்த நேரத்தில் இவரும் பாயும் பேசாத பேச்சு இல்லை. திராட்சை, ஏலக்காய், சர்க்கரை வியாதி, பேரம் பேசத் தெரியாத மருமகன்கள், எல்லாம் வந்து போகும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகள் பறந்துவிட்டன. கூடு காலி. அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு மட்டும் திக்கென்றது. காவலுக்கு வேலை முடிந்துவிட்டது, இனி இவர் எதற்கு வருவார்? ராத்திரி அதே நினைப்பாகக் கிடந்தேன். காலையில் பார்த்தால் மனுசன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "பாய் காத்துக்கிட்டு இருப்பாரு" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மழை பெய்தது. மொட்டையான கொடி தளிர்த்து, முன்னைக்கு இரண்டு பங்காகப் பூத்தது. வெள்ளையும் சிவப்புமாகப் பந்தல் நிறைந்துபோனது. கவாத்து கவாத்துதான் என்று நான் சொல்லிக்காட்டியபோது என் சிநேகிதி உதட்டைச் சுழித்தாள், ஆனால் மறுக்கவில்லை. போன வாரம் அவளே வந்து, "அண்ணே, வேலியோரம் காகிதப்பூ பாதையில முள்ள நீட்டுது. தோட்டக்காரரும் ஒங்களத்தான் கேக்கச் சொன்னாக. கொஞ்சம் வெட்டிவிடுறீகளா?" என்று கேட்டாள்.

இவர் கத்திரியை எடுத்துக்கொண்டு போனார். வெட்டவில்லை. ஒரு கையால் இலையை மெதுவாக விலக்கி, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தார். யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "உள்ள ஆரும் இருக்காகளா?" என்று கேட்டார்.

"இருக்கோம், இருக்கோம், வெட்டிறாதீக!" என்றேன் நான் பெஞ்சிலிருந்து.

திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு நெஞ்சு குலுங்கச் சிரித்தார். கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த நெஞ்சு குலுங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.