கிராக் இல்லே

நான் பொய் சொன்னேன். எனக்கு வந்த செய்தியை வரவில்லை என்றேன். இரண்டே சொல்... அந்த இரண்டு சொல்லில் மாதேஷின் வேலை போயிற்று. என் நாற்காலி தப்பிற்று.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதால்தான். அறிந்தவனிடம் சொல்லும் துணிவு இருந்திருந்தால் இந்தத் தாளுக்கு அவசியமே வந்திராது!

ஓசூரில், லாரிகளுக்கு இரும்பு வார்ப்பு உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிறந்தது கெலவரப்பள்ளி அணைப் பக்கம். எங்கள் தெருவில் தமிழில் கொஞ்சுவார்கள், தெலுங்கில் பேரம் பேசுவார்கள், கன்னடத்தில் சண்டை போடுவார்கள். பத்தாவதோடு படிப்பு நின்றது. மிச்சத்தை வாயை வைத்தே கற்றுக்கொண்டேன். யார் நல்ல வார்த்தை சொன்னாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். எட்டு வருடம் எந்திரத்தின் முன் நின்றவனை, மூன்று மொழி பேசுகிறான் என்பதற்காகவே கணினியின் முன் உட்கார வைத்தார்கள்.

பெங்களூரில் எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனியின் அதிகாரியோடு மெசஞ்சரில் பேசவேண்டும். பேசிக்கொண்டே என் திரையை அவருக்குக் காட்டவேண்டும். அந்த வசதி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நான் இங்கே எதைத் திறக்கிறேனோ அதை அவர் அங்கே பார்ப்பார். பரிசோதனை அறிக்கையைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அளவாகச் சொல்லிக்கொண்டு போவேன். அவர் தலையாட்டினால் லாரி கிளம்பும்.

எங்கள் மேலாளர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். “திரையைக் காட்டுறது வேட்டி மாத்துற மாதிரிய்யா. கதவைச் சாத்திட்டுச் செய்யி” என்பார். அதாவது, அழைப்புக்கு முன் அறிக்கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவிடவேண்டும். சொந்த அரட்டை எதுவும் மூலையில் எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த வார்த்தையை ரசித்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்... கடைப்பிடித்தேனா? ஒரு முறை ‘கேன்டீனில் இன்றைக்கும் புளிச்சோறுதான், வெளியே போய்விடலாம்’ என்று ஒரு செய்தி வாடிக்கையாளரின் கண்ணெதிரே துள்ளியது. மறுமுறை மைத்துனன் அனுப்பிய சாமியார் நகைச்சுவை. மூன்றாம் முறை நடந்தால் பழைய எந்திரத்துக்கே போய் நிற்கவேண்டும் என்று மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் முறையும் நடந்தது.

மாதேஷ் நாகரசம்பட்டிக்காரன். உற்பத்திக் கூடத்தில் பெட்டிகளைப் பரிசோதிப்பவன். ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாக அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். என்னை அண்ணா என்றுதான் அழைப்பான். நான் சொல்லும் பழமொழிக்கெல்லாம் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

அன்று நாலாவது பெட்டி உறுப்புகளில் விரிசல் இருக்குமோ என்று பெங்களூர் அதிகாரிக்கு ஐயம். இன்னொரு தரம் பார்த்துச் சொல் என்று மாதேஷிடம் சொல்லிவிட்டு நான் அழைப்பில் உட்கார்ந்தேன். திரையைக் காட்டினேன். அரட்டையை மூட மறந்தேன்! பாதிப் பேச்சில் வலது கீழ் மூலையில் அவன் செய்தி முளைத்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: ‘ஃபோர்த் பாக்ஸ் கிராக் இல்லே.’

நல்ல சேதிதானே என்று எனக்கு நிம்மதிதான் வந்தது. அதிகாரி மட்டும் சட்டென்று பேச்சை நிறுத்தினார். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லித் துண்டித்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் மேலாளருக்கு மின்னஞ்சல் வந்தது. நாலாவது பெட்டியில் விரிசல் இருப்பதாக உங்கள் ஆள் மாதேஷே எழுதிய செய்தியை என் கண்ணால் பார்த்தேன், சரக்கு வேண்டாம், என்று. அதன் நகல் எனக்கும் வந்தது. படித்ததும் முதலில் குழம்பினேன். பிறகு புரிந்தது.

அந்த அதிகாரி ஹூப்ளிக்காரர். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். நமக்கு ‘இல்லே’ என்றால் இல்லை. கன்னடத்தில் ‘இல்லே’ என்றால்... இங்கேயே! நாலாவது பெட்டி, விரிசல், இங்கேயே. அவர் அப்படித்தான் படித்திருக்கிறார்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். மேலாளர் சிரித்துக்கூட இருப்பார். ஆனால் அதைச் சொன்னால், அந்தச் செய்தி எந்தத் திரையில் தெரிந்தது என்பதையும் சொல்லவேண்டுமே! எட்டு வருடம் நின்ற கால்கள் எனக்கு முன்பாகவே யோசித்தன. கை போய் மாதேஷோடு பேசியிருந்த அரட்டை முழுவதையும் அழித்தது. யாரும் கேட்பதற்கு முன்பே அழித்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். அந்த அறையில் கன்னடம் அறிந்தவன் நான் ஒருவன்.

“அண்ணனுக்கு மட்டும்தான் சார் அனுப்புனேன். கிராக் இல்லேன்னுதான் அடிச்சேன்” என்றான் மாதேஷ்.

“இல்லேன்னு அடிச்சா அந்தாளு இருக்குன்னு எப்படிய்யா படிப்பாரு?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “உனக்கு வந்துச்சா?”

“வரலை சார்.”

மாதேஷ் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்... அவன் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டான். கூடத்துக் கணினியைப் பத்துப் பேர் பயன்படுத்துகிறார்கள், பெங்களூர் அதிகாரியின் பெயரும் அதன் பட்டியலில் உண்டு, பழைய அரட்டை எதுவும் அதில் தங்காது. கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் மேலாளர் துருவிக் கேட்கவும் மாட்டார். சரிபார்க்க வழியே இல்லை. “அவசரத்துல பேரு மாறி அவருக்கே அடிச்சிட்டேன் போல சார்” என்றான், மெதுவாக.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்களே... கத்தவும் முடியாது, தடவவும் முடியாது. அன்றுதான் அந்தப் பழமொழியின் முழுப் பொருள் எனக்குப் புரிந்தது.

பெட்டிகளை மறுபடி சோதித்தார்கள். சாயம் பூசித் துடைத்துப் பார்த்தார்கள். ஒரு விரிசலும் இல்லை! அது அவனைக் காப்பாற்றும் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். இல்லாத விரிசலை இருக்கிறது என்று வாடிக்கையாளருக்கே எழுதியவனை எப்படி நம்புவது என்று முடிவாயிற்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவன் போகும்போது கேட்டுக்கு வெளியே டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தான். “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கண்ணா, என் கை சரியில்ல” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

இப்போது அவன் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் இருக்கிறான். மாங்காய்ப் பருவம் முடிந்தால் வேலையும் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே மெசஞ்சரில் என்னை அழைக்கிறான். கூழின் இனிப்பு அளவைக் கணினியில் அட்டவணையாகப் போடக் கற்றுக்கொள்கிறான். வாத்தியார் நான்! அவன் தன் திரையை எனக்குக் காட்டுவான். நான் இங்கிருந்து, அந்தக் கட்டத்தை அழுத்து, இதை இழு என்பேன். நல்ல மாணவன். எதையும் மூடமாட்டான். எல்லாச் சன்னலும் திறந்தே கிடக்கும். என்னிடம் மறைக்க அவனுக்கு என்ன இருக்கிறது?

மறுத்துவிடலாம்தான். ஏன் என்று கேட்டால்? ஒவ்வொரு சனிக்கிழமையும் மறுக்க ஒரு காரணம் தேடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் முன்பே கணினி முன் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஆலைக்கு ஒரு செய்தி அனுப்ப நேர்ந்தது அவனுக்கு. அடித்து முடித்தும் அனுப்பாமல் இருந்தான். அம்புக்குறி மேலே போய், அனுப்பவேண்டியவரின் பெயர்மேல் நின்றது. கீழே வந்தது. மறுபடி மேலே போயிற்று.

“என்ன மாதேசு?”

“பேரை ரெண்டு தடவை படிச்சிக்கறேண்ணா. அன்னிக்குப் பட்டதே போதும்.”

அப்போது என் விரல்கள் தாமாகவே விசைப்பலகைக்குப் போயின. அரட்டைப் பெட்டியில் அடிக்கத் தொடங்கினேன். ‘அன்றைக்கு உன் செய்தி எனக்குத்தான் வந்தது...’

அவன் திரை என் கண்முன்னே திறந்திருந்தது அல்லவா? அதில் என் பெயரையே பார்த்தேன். பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு சின்னப் பென்சில் அசைந்துகொண்டிருந்தது. நான் குற்றத்தை ஒப்புக்கொள்வதை, நானே அவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைப் பார்த்தபடி காத்திருந்தான்.

“என்னண்ணா, ரொம்ப நேரமா அடிக்கறீங்க?”

அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். பென்சில் நின்றது. ஏதாவது அனுப்பித்தானே ஆகவேண்டும்... அவன் பழக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினேன். ‘ஒண்ணும் இல்லே.’

அது அவன் திரையில் போய் விழுந்ததை இங்கிருந்தே பார்த்தேன். அவன் தமிழாகப் படித்தான். சிரித்தான். அடுத்த கட்டத்துக்குப் போனான்.

நான் கன்னடமும் அறிந்தவன். இங்கேயே... இங்கேயேதான் இருக்கிறது.