சுவருக்கு மேலே வந்த குரல்

அம்மா இறந்த பிறகு அப்பா லயத்தை விட்டு வர மறுத்துவிட்டார். நான் ஊட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போர்டிங் பள்ளிகளின் சீருடைதான் முக்கால்வாசி வேலை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவருக்கு ஒரு கட்டில் போட இடம் இருந்தது. எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன். "அங்க வந்து யாரோட பேசுறது?" என்பார். இங்கே மட்டும் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவேன். மஞ்சூர் பஸ்ஸில் ஏறி, பிக்கட்டிப் பக்கம் ஒரு வளைவில் இறங்கி, தேயிலைக்கு நடுவே சரியும் மண்பாதையில் நடக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மஞ்சு என்கிற மூடுபனி ஏறி வந்துவிடும். லயம் இருக்கும் இடம் தெரியாது. முதலில் தகரக் கூரையில் நீர் சொட்டும் சத்தம் கேட்கும், பிறகுதான் கூரை கண்ணுக்குத் தெரியும்.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும் உண்டு. வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எட்டாது. மேலே ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தே இருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும். அந்த வீடுகளில் இருந்தவர்கள் எல்லோருமே இலங்கையிலிருந்து வந்தவர்கள்.

அப்பாவும் அம்மாவும் அங்கே கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய அப்பா அம்மாவும் அங்கேயே பிறந்தவர்கள்தான். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்தபோது இவர்கள் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். அங்கே இருந்த வரையில் அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்த அன்றிலிருந்து சிலோன்காரர்கள் என்றார்கள். நான் பிறந்தது இங்கேதான், ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நானும் சிலோன்காரிதான். கடலையே நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன்.

பிறகு லயம் காலியாக ஆரம்பித்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள், வேலையிலிருந்து நின்ற பெற்றோர்களும் பின்னாலேயே போனார்கள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு விழுந்தது. அந்த வரிசையில் கடைசியாக மிஞ்சியது அப்பாவின் கதவுதான்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் ஒரு நாள், நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அப்பா சொன்னார்.

"பக்கத்துக் காம்பராவுல ஆள் வந்திருக்கு புள்ள."

காம்பரா என்றால் வீடு. இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல். நான் வெளியே போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டின் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. வாசற்படியில் பாசி படர்ந்திருந்தது, அதில் ஒரு காலடிகூட இல்லை.

"யாருமே இல்லப்பா. பூட்டியிருக்குதுங்க."

"பூட்டித்தான் இருக்கு," என்றார், நான் ஏதோ சம்பந்தமில்லாததைச் சொன்னதுபோல.

மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்தடுத்த வாரங்களில் அந்த நினைப்பு வலுத்தது. அவர் சுவர்ப்பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். நான் பேசினால் விரலைத் தூக்கிப் பொறு என்பார். ஒரு தடவை எனக்கே ரொட்டி சுடும் வாசனை வந்தது. அப்பா வீட்டு அடுப்பில் தீயே இல்லை. மஞ்சில் வாசனைகள் எங்கிருந்தோ மிதந்து வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா முன்வாசலில் இருந்தார். மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து நின்றிருந்தது. வழக்கம்போல அவர் உள்நோக்கிக் குரல் கொடுத்தார்.

"தேத்தண்ணி ஆச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. சுவருக்கு மேலிருந்து ஒரு பெண் குரல்.

"ஆச்சு, ஆச்சு. மடுவத்துக்குக் கேக்குற மாதிரி கத்தாதீங்க."

என் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது. அது என் அம்மா சொல்லும் பதில். கொழுந்து நிறுக்கும் கொட்டகையை மடுவம் என்பது இலங்கைத் தோட்டத்துப் பேச்சு. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல் மட்டுமல்ல, முதல் 'ஆச்சு'வை இழுத்து இரண்டாவதை வெட்டும் விதம்கூட அம்மாவுடையது. குரல்தான் இளசாக இருந்தது. அதுவே இன்னும் மோசம். நான் சிறுமியாக இருந்தபோது கேட்ட அம்மா அவள்.

வெளியே ஓடினேன். பூட்டு அப்படியே தொங்கியது. பாசியும் அப்படியே இருந்தது. அப்பா நிதானமாக என்னைப் பார்த்தார்.

"கேட்டியா? சத்தம் போடாத. பயந்துக்கும்."

பயந்துக்கும் என்று அவர் சொன்னதுதான் என்னை நகர்த்தியது என்று நினைக்கிறேன். செத்தவர்கள் பயப்பட மாட்டார்களே. லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். இடுப்பளவு புதருக்குள் ஒற்றையடித் தடம் ஒன்று புதிதாக விழுந்திருந்தது. சமையலறையின் பின்கதவை இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஏதோ சத்தம் நின்றுபோனது. வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது.

ஒரு பெண். இருபது வயது இருக்கலாம். கறுத்த, வட்டமான முகம், நெற்றியில் பச்சை குத்தின கோடு. வயிற்றில் குழந்தை இருந்தது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து அவள் ஓரடி பின்வாங்கினாள். அவளைப் பார்த்து நானும்தான்.

ஊட்டியில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாக்காரர்களால் கொஞ்சம் இந்தி வந்துவிடும். நான் இந்தியில் கேட்டேன், அவள் என் அம்மாவின் தமிழில் பதில் சொன்னாள்.

அவளும் அவள் புருஷனும் ஆனியிலேயே ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் அங்கிருந்து கூட்டிவந்திருக்கிறார்கள். இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போன குடும்பம் சாவியைத் தரவில்லை. பூட்டை உடைத்தால் தகராறு வரும் என்று சூப்பர்வைசர் பின்வழியாகக் குடியேற்றிவிட்டார். சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும், முன்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். புருஷன் வேலைக்குப் போய்விடுவான். மசக்கையால் அவளால் கொழுந்து பறிக்க முடியவில்லை. பகல் முழுக்க இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மஞ்சு, ஜன்னல் கிடையாது, பேச்சுக்கு ஆளில்லை. சுவருக்கு மேலே வந்தது மட்டும்தான் அவளுக்குத் துணை.

"தாத்தாவும் அந்தம்மாவும் பேசிக்கிட்டே இருப்பாங்க," என்றாள். "கேட்டுக் கேட்டுப் படிச்சேன்."

"எந்தம்மா?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"ஒருக்கா தாத்தா தேத்தண்ணி கேட்டாரு. அந்தம்மாவுக்கு முந்தி நான் சொல்லிட்டேன், விளையாட்டுக்கு. அன்னையிலருந்து அந்தம்மா பேசறதே இல்ல. கோவமா அக்கா?"

அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாதான் இரண்டு குரலிலும் பேசியிருக்கிறார். வேறெப்படி இருக்க முடியும்? தனியாக இருப்பவர்கள் அப்படிப் பேசுவதுண்டு என்று பிற்பாடு எங்கள் பகுதி நர்சம்மாகூடச் சொன்னார். ஆனால் அப்பா அம்மாவின் குரலில் பேசி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்று மாலை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அப்பா, நீங்க அம்மா மாதிரி பேசுவீங்களா?"

"நான் எதுக்குப் பேசணும்?" என்றார். "அவதான் பேசுறாளே."

சூப்பர்வைசர் படுகர் வீட்டுப் பையன், மரியாதையானவர். மறுவாரம் அவரிடம் சண்டை போட்டேன். "மாசமா இருக்கிற புள்ளைய இருட்டுல பூட்டி வெக்கிறீங்களே, நாயம்ங்களா?" என்றேன். அவர் முதலில் முனகினார், பிறகு அவரே கல்லைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தார். அதற்கப்புறம் அவள் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவர் சட்டையைத் துவைத்துப் போட்டாள். அவளை வெளிச்சத்தில் பார்த்தால் அப்பா தெளிந்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அவள் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

தை மாதத்தில் போலீசிலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெளி மாநிலத்து ஆட்கள் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று தோட்டம் தோட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கடுமையானவர்கள் இல்லை. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஊட்டுக்காரர் எங்கம்மா?" என்று இருவரில் மூத்தவர் அவளைக் கேட்டார்.

"மடுவத்துல நிக்கிறாரு."

அவர் நிமிர்ந்தார். "மடுவமா? ஏம்மா, நீ சிலோனா?"

அவள் தன் அடையாள அட்டையை நீட்டினாள். அதில் ஜார்க்கண்ட் என்று இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"எனக்கு கோத்தகிரிதாம்மா. கூடப் படிச்சதுல பாதிப் பேரு சிலோன்காரங்க. இந்தப் பேச்சு எனக்குத் தெரியாதா? நெசத்தச் சொல்லு."

அப்போது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவ எங்க ஆளுதாங்க. எங்களோட கப்பல்ல வந்தவ."

"கப்பல்லயா?" என்றார் இளையவர். "இந்தப் புள்ள வயசென்ன, கப்பல் நின்னு எத்தன காலமாச்சுங்க பெரியவரே?"

"தலைமன்னார்ல ஏறுனோம். கடல் பூரா வாந்தி எடுத்தா. நான்தான் புடிச்சுக்கிட்டேன்."

அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு கணம், அவர் சொல்வதுதான் சரி, அட்டையில் இருப்பதுதான் தவறு என்று பட்டது. நான்தான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். சுவரைக் காட்டினேன், மேலே இருந்த திறப்பைக் காட்டினேன். மூத்தவர் அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

என் மகள் வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இதைப் போனில் சொன்னபோது சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இங்க என்னைப் பார்த்ததுமே இண்டியன்னு சொல்லிடறாங்கம்மா. ஒரு கேள்வி கேக்கறதில்ல. நம்ம குடும்பத்துல யாரையும் இவ்ளோ சுலபமா இண்டியன்னு ஒத்துக்கிட்டது கிடையாது, இல்ல? அதுக்கு நாட்ட விட்டே வர வேண்டியிருக்கு." அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அங்கேயே தங்கிவிடுவாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பங்குனியில் பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கு ஊட்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. துணைக்கு நான்தான் இருந்தேன். சீருடைத் துணியில் மிஞ்சியதை வைத்துக் குழந்தைக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தேன். ஆனி மழையில் அப்பா போய்விட்டார். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

திருப்பூரிலிருந்து பழைய லயத்து ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். அவரவர் பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் துக்க வீட்டுக்குள் வந்தார்கள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து அவள் யாரையோ அதட்டும் குரல் வந்தது. "ஈரக் காலோட உள்ள வராதீங்க, என்னா இது!"

அழுகை பட்டென்று நின்றது. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த சிநேகிதி ஒருத்தி, கப்பலிலும் கூட வந்தவள், என் கையைப் பிடித்தாள்.

"உள்ள யாரு?"

நான் சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"இன்னொருக்கா பேசு புள்ள."

எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது, பாடையைத் தூக்க ஆண்கள் வாசலில் காத்திருந்தார்கள். அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். சுவருக்கு மேலிருந்து கேட்டுப் படித்ததில் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொன்னாள்.

"மழை வருது. தலையில எதையாச்சும் போட்டுக்கிட்டுப் போங்க."

அந்த அம்மாள் எழுந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் தலையைச் சுற்றி மூடினாள். அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தோம். குழி வெட்டியது அவள் புருஷனும் அவனுடன் வேலை செய்யும் ஊர்க்காரர்களும்தான்.

கூரை விழும் நிலையில் இருப்பதாகச் சொல்லி லயத்தை இடித்துவிட்டார்கள். அவளும் புருஷனும் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வாள். ஆரம்பத்தில் அந்த அழைப்புகளை எடுக்க எனக்குத் துணிவு வேண்டியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, கடைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுப்பேன். அம்மாவின் பேச்சிலேயே அவள் பேசப் பேச நான் ம் கொட்டுவேன், அவ்வளவுதான்.

கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்த பேச்சு. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சொல்லப் போன வாரம் கூப்பிட்டாள். எடுத்ததும், "சேச்சி, சுகந்தானே?" என்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்து, யாருடைய எண் என்று பார்த்தேன்.