இரண்டாவது பொத்தான்

செய்தி வந்தபோது மாலை ஆறு மணி இருக்கும். நிலநடுக்கம் முடிந்து மூன்றாம் நாள். பள்ளிக்கூட மண்டபத்து முகாமில், யாரோ கொண்டுவந்து வைத்த தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரி மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகளின் கிழிந்த பையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா சட்டை!" என்றாள் மகள்.

திரும்பினாள். ஸ்ட்ரெச்சரில் மூடியிருந்த துணிக்கு வெளியே, கட்டம் போட்ட சட்டையின் ஒரு கை தொங்கியது. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியாக நின்ற இளம் நிருபரின் குரல் உடைந்தது: "யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்துக்காக இந்த மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார்." பிறகு நெற்றியில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணைக் காட்டினார்கள். மடியில் சின்னக் குழந்தை. "யாருன்னே தெரியாதுங்க. ஓடி வந்தாரு. எங்க ரெண்டு பேரையும் கட்டிலுக்கடியில தள்ளிவிட்டாரு. அவரால வர முடியல" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள்.

தையல்காரியும் அழுதாள். அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துத்தான் அழுதாள்.

அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். டெப்போவில் அவனுக்கு 'பிரேக்' என்று பெயர். மிதித்தான் என்றால் பின்சீட்டுக்காரன் முன்சீட்டுக்கு வந்துவிடுவான். அவன் வாயைத் திறந்தால் டெப்போவே சிரிக்கும், வீட்டில் மட்டும் அளந்துதான் பேசுவான். களைப்பு என்று அவள் நினைத்தாள். டபுள் டூட்டி என்பான், சரி என்பாள். சந்தேகப்படுவது அவளுக்குத் தெரியாத தொழில்.

நிலநடுக்கத்தன்று காலையும் டபுள் டூட்டிதான். கட்டம் போட்ட சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. போன வாரமே அறுந்து, தையல் கடையின் பொத்தான் டப்பாவில் கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் தைக்கிறவ புருஷன் நெஞ்சைத் திறந்துகிட்டுப் போறான்னு சிரிக்கப்போறாங்க. வேற சட்டை போட்டுக்கங்க."

"யாரு பாக்கப் போறா? டெப்போ போனதும் யூனிஃபார்ம் மாட்டப் போறேன்."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

மருத்துவமனையில் அவன் உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தாள். இரண்டாவது பொத்தான் இருந்தது. வெள்ளைப் பொத்தான், மற்றவை எல்லாம் பழுப்பு. நூல் கறுப்பு. அடியில் நூலைச் சுற்றிக் கழுத்துக் கட்டாமல் இழுத்து அமுக்கித் தைத்த கை, அவளுடையதல்ல. டப்பாவைத் திறந்தாள். பழுப்புப் பொத்தான் அங்கேயே கிடந்தது.

வாளித் தண்ணீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடியப்போகிற வீட்டுக்குள் ஓடுகிறவன் பொத்தான் தைத்துக்கொண்டா ஓடுவான்? துக்கம் கேட்க வந்த டெப்போ நண்பன் வாய்தவறி, "அன்னிக்கு லீவுதானே அண்ணி" என்று தொடங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டது அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை அவனைப் பார்த்தபோது முகம் கொடுக்காமல் நழுவினான். அவனுக்கும் தெரியும். டெப்போவுக்கே தெரிந்திருக்கும்.

கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தப் பெண் குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கணவனோ ஊருக்கே வீரனாகிவிட்டான். பேருந்து நிறுத்தத்துக்கு அவன் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் அந்த இளம் நிருபர் வருவான். அவளைத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்துப் படம் எடுப்பான். 'தியாகியின் மனைவி இன்றும் உழைக்கிறார்' என்று போடுவார்கள். மகள் அதையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்தாள். அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவள் கழுத்து ஒரு விரற்கடை உயரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் தையல்காரி வாய்வரை வந்ததை விழுங்கிவிடுவாள்.

பத்தாவது வருடம் நினைவகம் கட்டினார்கள். நிருபர் இப்போது சேனலில் பெரிய ஆள். நினைவகத்துக்குப் படம் எடுத்துத் தருவது அவன் பொறுப்பு. திறப்பு விழாவில் மகள் பேசப்போகிறாள். சட்டை வேண்டும், அம்மாவின் பேட்டியும் வேண்டும்.

அவன் கடைக்கு வந்த காலை, தையல்காரி பிளேடால் கறுப்பு நூலை அறுத்து வெள்ளைப் பொத்தானை எடுத்துவிட்டிருந்தாள். பழுப்புப் பொத்தானைத் தைக்க ஊசியில் நூலும் கோத்திருந்தாள்.

"அப்பா சட்டைக்கு மேக்கப்பா?" என்று சிரித்துக்கொண்டே மகள் டீ வாங்கப் போனாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றாள் தையல்காரி. "அந்தப் பொண்ணு அன்னிக்கு உங்ககிட்ட வேற என்ன சொல்லுச்சு?"

அவன் கேமராவுக்கு மூடி போட்டான். "எதுக்குக்கா இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"மொதல்ல அவரு பேரைச் சொல்லித்தான் அழுதாங்க. அந்தக் குழந்தையும்..." நிறுத்திக்கொண்டான். "நான்தான், யாருன்னு தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன்."

"நீங்களா?"

"ஊரே பொணமாக் கெடந்துச்சுக்கா. அன்னிக்கு ஒரு நல்ல செய்தி வேணும். உங்களுக்கும் நல்லதுதானே பண்ணினேன்?"

"பத்து வருஷமா அக்கா அக்கான்னு வந்து இந்த முக்காலியில உக்காந்திருக்கீங்க."

"தெரியாம இருந்தா உங்களுக்கு நிம்மதின்னு நெனச்சேன்."

"டெப்போ பூரா தெரியும். நிம்மதி மட்டும் எனக்கா? முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சது போதாதுன்னு, என்னையே பரிமாறவும் வச்சீங்களே தம்பி!"

அவன் பதில் சொல்வதற்குள் மகள் டீயோடு வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? ஆரம்பிக்கலையா?" தலையைச் சரிசெய்துகொண்டு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் உதடுகளே முன்கூட்டி அசைந்தன.

தையல்காரி ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அவரு யாராவது கூப்பிட்டா உடனே போயிடுவாரு" என்றாள். மகளைப் பார்த்தாள். "வீட்ல சொல்லிட்டுப் போக மாட்டாரு."

சட்டையை அப்படியே மடித்து அவனிடம் கொடுத்தாள்.

நினைவகத் திரையில் அவள் சொன்ன முதல் வாக்கியம் மட்டும் ஓடுகிறது. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை. இடிபாட்டில் சிக்கியபோது இரண்டாவது பொத்தான் தெறித்துவிட்டதாகப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் அந்த இடைவெளியைக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்க்கிறார்கள்.

பழுப்புப் பொத்தான் கடையில் டப்பாவில் இருக்கிறது. அதற்குக் கோத்த நூல், ஊசியோடு திண்டிலேயே குத்தியிருக்கிறது.