காலி சீட்டுக்குக் காத்திருந்தவர்

மலைக்கு அந்தப்பக்கத்து ஊரின் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. இந்தப்பக்கம், அவருடைய அக்கா இருக்கும் எங்கள் ஊரிலும் ஒரு சின்ன விமான நிலையம் உண்டு. பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடும். விமானத்துக்கு நாற்பது நிமிடம். அதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. "எங்கக்கா வீடா? டீ ஆறுறதுக்குள்ள போயிடலாம்" என்பார். எங்கள் தெருவில் அவர் பெயரே 'நாற்பது நிமிஷம்' என்று ஆகிவிட்டது.

அவர் சிறுவனாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட, அக்காதான் தையல் மெஷினை மிதித்து அவரை வளர்த்தாள். அக்காவுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். நான் நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி எடுத்தவள் என்பதால் அவள் காலுக்குத் தினமும் மருந்து கட்டப் போவேன்.

ஒரு நாள் கட்டைப் பிரித்தால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, விரலை உடனே எடுத்துவிடலாம், அதோடு போய்விடும் என்றார்.

"தம்பி வரட்டும்" என்றாள் அக்கா.

"தம்பியா வெட்டப் போறாரு? டாக்டர்தானே?" என்றேன்.

"அவன் பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம்மா."

போன் போட்டோம். "நாளைக்கே நிக்கிறேன்க்கா" என்றார். அந்த நாளை வரவில்லை. விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சீட்டு இலவசம். ஆனால் பயணிகளெல்லாம் ஏறி முடித்து இடம் மிஞ்சினால்தான் கிடைக்கும். தினமும் சலவைச் சட்டையோடு விமானம் ஏறும் கதவருகில் நின்றார். தினமும் விமானம் நிரம்பிப் போனது.

"பஸ்ஸில ஏறுங்களேன்" என்று போனைப் பிடுங்கிக் கேட்டேன்.

"பிளேன்ல வேலை பாக்கறவன் பஸ் ஸ்டாண்டுல நின்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா, மேடம்? நாற்பது நிமிஷம்தானே, இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு."

அந்த வாரக் கடைசியில் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. விரலிலிருந்து பரவிய சிவப்பு கணுக்காலைத் தொட்டிருந்தது. இனி யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று டாக்டர் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். ஒரு விரலோடு போயிருக்க வேண்டியது, பாதி பாதத்தோடு போனது.

மறுநாள் இடம் கிடைத்து வந்து சேர்ந்தார். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவரைக் கடந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே மட்டும் வரவில்லை. ஆறடி ஆள், சட்டைக்குள் சுருங்கிப்போயிருந்தார்.

வார்டிலும் அக்காவுக்குக் கட்டு மாற்ற என்னையே விட்டிருந்தார்கள்; நான் கட்டுப் பிரிக்கும் நேரம். கூட ஒரு கை வேண்டியிருந்தது. "சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க. முழங்காலுக்குக் கீழ தூக்கிப் பிடிங்க" என்றேன்.

பிடித்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, நான்..."

"சீட்டு கிடைச்சுதா?"

"கிடைச்சுதுக்கா."

"ஜன்னலோரமா?"

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவள் குத்திக் கேட்டாளா, சும்மா கேட்டாளா, எனக்கே தெரியவில்லை.

"சுவத்துல என்னடா இருக்கு? இங்க பாரு. கடிக்காது."

திரும்பிப் பார்த்தார். நான் காயத்தைத் துடைத்து முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. கட்டுத் துணியின் நுனியைக் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்.